சவானா ஆலைத் துயரமும் மாணவர் செயற்றிட்டமும்

வரலாற்றுத் துயரம் ஒன்றனை வகுப்பறைச் செயற்றிட்டமாக ஆக்கப் புகுவார்க்கு இருவகைக் குறைகள் நேர்தல் இயல்பு. துயரத்தைக் காட்சிப்பொருளாக்கி மிகைப்படுத்துதல் ஒன்று. பிறர் உள்ளம் புண்படுமென அஞ்சி நிகழ்ச்சியையே மழுக்கிவிடுதல் மற்றொன்று. புதுவை நகரில் 1936ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி முதுகலை மாணவர் சிலர் எம்மிடம் ஒப்படைத்த ஏட்டில் இவ்விரண்டும் ஒருங்கே காணப்பட்டன. அட்டையில் குருதி தோய்ந்த ஓவியம். உள்ளே, 'ஆலைக் கலவரத்தில் பன்னிருவர் உயிரிழந்தனர்' என்னும் ஒரே தொடர். அவ்வேட்டை அவர்களோடு அமர்ந்து திருத்தியபோது எம் கருத்தில் தோன்றியவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

நிகழ்ச்சியின் பின்னணியை முதற்கண் சுருங்கக் கூறுதல் வேண்டும். அந்நாளில் புதுவையின் தொழில் வாழ்வு சவானா, ரோடியர், கெப்ளே என்னும் மூன்று பஞ்சாலைகளைச் சார்ந்திருந்தது. தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தனர். சங்கம் அமைக்கும் உரிமையும் அவர்க்கு இல்லை. 1934இல் 'சுதந்திரம்' என்னும் இதழைத் தொடங்கிய வ. சுப்பையா அவர்களை ஒன்றுதிரட்டினார். 1935இல் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. மறு ஆண்டு பிரான்சில் லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி அமைந்து, வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையெனச் சூன் திங்களிற் சட்டம் செய்தது. ஒரே கொடியின் கீழ் வாழ்ந்த புதுவைத் தொழிலாளர்க்கோ அது கிட்டவில்லை. அடுத்த திங்களில், போராடிய தொழிலாளர்மேல் பிரெஞ்சிந்திய அரசின் ஆயுதப் படையினர் சுட்டனர், பன்னிருவர் மாண்டனர்.

இனி, மாணவர் எழுதிய தொடருக்கு வருவோம். 'உயிரிழந்தனர்' என்பது இலக்கணப் பிழையுடைய சொல்லன்று. எனினும், இறந்தாரையே எழுவாயாக நிறுத்திச் சுட்டாரை அத்தொடர் மறைத்துவிடுகின்றது. நோயால் இறந்தார்க்கும் வெள்ளத்தில் இறந்தார்க்கும் வழங்கும் சொல்லே இவர்க்கும் வழங்கிற்று. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலுள் தொழில்முதனிலை எட்டெனக் கூறுவர். செயல், செய்தோன், செயப்பட்ட பொருள், இடம், காலம், கருவி, இன்னார்க்கு என்பது, இன்ன பயன் என்பது ஆகியனவே அவை. அவ்வெட்டனையும் கரும்பலகையில் எழுதி, 'உம் தொடரில் இவற்றுள் எவை உள?' என வினவினோம். கால்பங்குகூட நிரம்பவில்லை. நிரப்பப் புகுந்தவுடன் மாணவர் நூலகத்துக்கும் தத்தம் தெருவிலுள்ள முதியோரிடத்துக்கும் செல்ல நேர்ந்தது. 'கலவரம்' என்னும் சொல்லும் அவ்வாறே ஆராய்தற்குரியது. அஃது எவர் வாயிலிருந்து முதலிற் பிறந்தது என வினவாமல் அதனை எடுத்தாளுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று.

இதற்கு மறுதலையான மிகையும் உண்டு. 'ஆசியாவிலேயே முதன்முதலாக எட்டு மணி நேர வேலை பெற்ற மண்' என்னும் புகழுரை மேடைகளில் வழங்குவது. 1937 ஏப்ரல் 6ஆம் நாள் வெளியான ஆணை சங்க உரிமையையும் வேலை நேர வரையறையையும் தந்தது மெய். ஆயினும், சோவியத்து அரசு 1917இலேயே எட்டு மணி நேர ஆணை பிறப்பித்தது. அதன் நிலப்பரப்பிற் பெரும்பகுதி ஆசியாவிலேயே கிடந்தது! பன்னிருவர் உயிருக்கு இத்தகைய முடி சூட்டித்தான் பெருமை தேடவேண்டும் என்பதில்லை.

குருதி ஓவியத்தை எடுத்துவிடுமாறு கூறியபோது மாணவர் உடன்படவில்லை. 'உண்மையை மறைக்கச் சொல்கின்றீரோ?' என்றார் ஒருவர். வினா நேர்மையானது. அவ்வகுப்பிலேயே, கொள்ளுப்பாட்டனார் ரோடியர் ஆலைத் தறியில் நின்ற ஒரு மாணவியும், முன்னோர் பிரெஞ்சு அரசின் சிப்பாயாயிருந்த ஒரு மாணவரும் இருந்தனர். பிரெஞ்சிந்தியக் காவற்பணியில் தமிழரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. சுட்ட படையை ஆணையிட்ட அரசோடு சேர்த்துப் பெயர் சொல்லி எழுதுதல் கடன். ஒரு குடும்பத்தின்மேல் அதனைச் சுமத்துதல் கடனாகாது.

எம் விடைக்குப் புறநானூறு துணைநின்றது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலைப் பாட்டில் புண்ணும் இல்லை, பிணமும் இல்லை. சூடுவாரற்ற நாட்டிலும் பூத்து நிற்கும் முல்லையை நோக்கி ஒரு வினா, அவ்வளவே. பாரி மகளிர் பாடலோ சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் அருகருகே வைத்தமைகின்றது. இறந்தார் இல்லாமையை எஞ்சிய பொருளொன்றால் உணர்த்தும் இம்முறை, கேட்பாரை அச்சுறுத்தாமலே நெஞ்சில் தைக்க வல்லது. நடுகல்லும் மாண்டவன் பெயரையும் அவன் செய்த செயலையுமே முதன்மையாகத் தாங்குகின்றது. துப்பாக்கிச் சூட்டை மாணவர் நடித்துக் காட்டல் வேண்டா என யாம் தடுத்தமைக்கும் இதுவே காரணம்.

திருத்திய ஏட்டின் முதற்பக்கத்தில் இறந்தார் பன்னிருவர் பெயர்களும் எவ்வணியுமின்றி இடம்பெற்றன. தொடரும் மாறிற்று: 'எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்ட தொழிலாளரை, 1936 சூலை 30ஆம் நாள் பிரெஞ்சிந்திய அரசின் படையினர் புதுவையில் சுட்டுக்கொன்றனர்.' சிப்பாய் மரபில் வந்த மாணவரே அதனை வகுப்பிற் படித்தார். தறித் தொழிலாளர் வழிவந்த மாணவி ஓவியத்துக்கு ஈடாக ஆலைச் சங்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். ரோடியர் ஆலை பின்னர் ஏ.எஃப்.டி. எனப் பெயர்பெற்று 2020இல் மூடப்பட்டது. சங்கொலி கேட்டு உலையேற்றிப் பழகிய தம் பாட்டியார், இன்றும் அவ்வேளை வந்ததும் தெருப்பக்கம் செவிசாய்ப்பார் என்பதோடு அப்பக்கம் முடிந்திருந்தது.