இளையோர் உள்ளமும் இனவெறுப்பும்

பிற இனத்தாரை வெறுத்துக்கொண்டே பிறக்கும் குழந்தை எதுவுமில்லை. அவ்வெறுப்பு வீட்டிலே, பெற்றோர் தம்முள் பேசும் பேச்சின் வாயிலாகவே கற்கப்படுகின்றது.

கல்முனைக்குடி முஸ்லிம்களுக்கும் அண்மையிலுள்ள பாண்டிருப்பு முதலிய ஊர்த் தமிழருக்கும் மொழி ஒன்றே. தாய்வழிக் குடிமுறையும், மகளுக்கே வீட்டைச் சீதனமாக அளிக்கும் வழக்கமும் பொதுவே. இருந்தும், 1985இலும் 1990இலும் இக்கரையோரத்தில் நிகழ்ந்த கொடுமைகளில் இரு சாராரும் உயிர்களை இழந்தனர். அவற்றைக் கண்டிராத பிள்ளைகளும் பெற்றோர் வாய்மொழியால் அச்சத்தை முதுசமாகப் பெறுகின்றனர். பட்ட துயரை மறைக்குமாறு பெற்றோரைக் கேட்டல் தகாது. சிலர் செய்த தீங்கை ஓர் இனத்தின்மேல் ஏற்றாது கூறுதலே வேண்டற்பாலது.

வீட்டிற் கற்றதைத் திருத்த வல்லது நட்பு. ஆயின், சந்தையில் விற்போரும் வாங்குவோருமாகச் சந்தித்தல் மட்டும் நட்பாகாது. சமநிலை, பொதுக் குறிக்கோள், கூட்டுமுயற்சி, பெரியோர் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டுமென அமெரிக்க உளநூலறிஞர் கோர்டன் ஆல்போட் 1954இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். இவை எளிதில் அமையத்தக்க இடம் பாடசாலை. இங்கோ பிள்ளைகள் பெரும்பாலும் தத்தம் சமூகப் பாடசாலைகளிலேயே பயில்கின்றனர். எனவே, விளையாட்டிலும் தமிழ்த்தின விழாவிலும் அவர்கள் ஒரே அணியினராய் உழைக்க ஆசிரியர் வழிசெய்தல் வேண்டும்.

நான்காவது தேவையோ மீண்டும் வீட்டிற்கே நம்மை அழைத்துச் செல்கின்றது. மகனின் தோழனை வாயிலில் நிறுத்தாது உள்ளே அழைத்து உணவிடும் தாயே அந்நட்பை நிலைபெறச் செய்பவள்.