டயரில் இருக்கும் எண்ணும் டேப்பில் வரும் அளவும்

"185க்குப் பதிலா 195 போட்டுக்கங்கண்ணே, ரோட்டை நல்லாப் பிடிக்கும், பார்க்கவும் கெத்தா இருக்கும்." டயர் கடையில் இதைக் கேட்காத கார்க்காரர்கள் குறைவு. விலை கொஞ்சம்தான் கூடுதல் என்றதும் தலையாட்டிவிடுகிறோம். எதற்குத் தலையாட்டினோம் என்பது டயரின் பக்கச்சுவரைப் படித்தால்தான் தெரியும்.

பல சிறிய கார்களில் வரும் 185/65 ஆர்15 88எச் என்பதை எடுத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் குறுக்கு அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 15 மட்டும் அங்குலக் கணக்கு: ரிம்மின் விட்டம், 381 மி.மீ. மேலும் கீழுமாகப் பக்கச்சுவரை இரண்டு முறை கூட்டினால் மொத்த உயரம் 621.5 மி.மீ. ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து வைத்தால் யாருக்குத்தான் குழம்பாது?

கடையில் அடுக்கியிருக்கும் டயரை டேப் வைத்து அளந்தால் 185 வராது. குறிப்பிட்ட அகலமுள்ள ரிம்மில் மாட்டி, குறிப்பிட்ட அளவு காற்றடித்து, ஒரு நாள் வைத்திருந்து அளக்க வேண்டும் என்பது விதி. அப்படி அளந்தாலும் ரேடியல் டயரின் அகலம் 4 சதவீதம் வரை கூடலாம் என்கிறது ஐ.நா.வின் 30ஆம் ஒழுங்குமுறை. 185 டயர் 192 காட்டினாலும் அது குறையுள்ள டயர் ஆகாது. அரை அங்குலம் அகலமான ரிம்மில் ஏற்றினால் அதே டயர் சுமார் 5 மி.மீ. விரியும். ரோட்டைத் தொடும் பட்டன் பகுதியோ 185ஐவிடக் குறுகல். டேப்போடு கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பது வீண்வேலை.

195/65 ஆர்15 மாட்டினால் அகலம் மட்டுமா கூடும்? 65 சதவீதத்தை இப்போது 195இல் கணக்கிட வேண்டும். மொத்த உயரம் 634.5 மி.மீ. ஆகிவிடும், 2 சதவீதம் அதிகம். ஸ்பீடாமீட்டரில் அதே 100 இருக்கும்போது கார் முன்பைவிட 2 கி.மீ. வேகமாக ஓடும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 205/65 போனால் 4 சதவீதத்தைத் தாண்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசக்கூடும். மாறாக, 195/55 ஆர்16 என்றால் ரிம் பெரிது, மொத்த உயரமோ 620.9 மி.மீ. பழைய டயருக்கும் இதற்கும் ஒரு மி.மீ.கூட வித்தியாசமில்லை.

யாரும் கவனிக்காத எண் 88. ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். 82 என்றால் 475 கிலோதான். மாற்று அளவு போடும்போது இந்த எண் குறைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த 560உம் காற்று சரியாக இருந்தால்தான். காற்றுக் குறைவோடு பாரமும் ஏற்றி, வெயிலில் நெடுஞ்சாலையில் விரட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். எச் என்பது வேக வரம்பு, மணிக்கு 210 கி.மீ. உங்கள் வண்டிக்கான டயர் அளவும் காற்றழுத்தமும் பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

தயாரிப்புத் தேதிக்கு நான்கு இலக்கங்கள் உண்டு. 1224 என்றால் 2024ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதும் உண்டு. அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் பார்க்க முடியாது. மாட்டுவதற்கு முன்பே போனில் படம் எடுத்துவிடுங்கள். கார் டயர்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15633 என்ற எண்ணும் இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் டயரில் இன்னொரு தில்லுமுல்லு: மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டிப் புதுசுபோல் விற்பார்கள். பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும், தேய்மானம் காட்ட. அவை வெட்டுப்பட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள். பட்டன் ஆழம் காருக்குக் குறைந்தது 1.6 மி.மீ., இருசக்கர வாகனத்துக்கு 0.8 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 94.

பில்லில் டயரின் அளவு, வரிசை எண் இரண்டும் எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. டயரில் குறை இருந்து, கடையும் கம்பெனியும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வெடித்த டயரை மட்டும் பழைய டயர் கணக்கில் கடையில் தள்ளிவிடாதீர்கள். ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க உத்தரவிடலாம்.