போர் வண்டிக்குள் ஓடும் எண்ணெய்

மயிலாடும்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுகிறார்கள் என்றால், எல்லோர் கண்ணும் குழியின் மேல்தான் இருக்கும். தண்ணீர் வருமா, வராதா? தம்பி தங்கைகளே, அடுத்த முறை வண்டியையும் கவனியுங்கள்.

முதலில் ஜாக்கிக் கால்கள் தரையில் ஊன்றி, அத்தனை பெரிய லாரியைத் தூக்கி நிறுத்தும். அடுத்து, படுத்திருந்த கம்பம் நிமிரும். பிறகு இரும்பு ராடு சுழலும். இந்த வேலைகளுக்குத் தனித்தனி எஞ்சின் இல்லை. எஞ்சின் சுற்றும் பம்பு, எண்ணெயை அழுத்தி ஹோஸ்களுக்குள் தள்ளுகிறது. அவ்வளவுதான்! (பாறையை இடிக்கும் ஹேமர் மட்டும் கம்ப்ரசர் காற்றால் இயங்குகிறது.)

ஆபரேட்டர் லிவரை அசைத்தால் வால்வு திறக்கும். வயலில் மடையைத் திறந்து எந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடலாம் என்று முடிவு செய்கிறோமே, அதே வேலை. எண்ணெய் சிலிண்டருக்குப் போனால் ஜாக்கி நீளும். மோட்டாருக்குப் போனால் ராடு சுழலும். வேலை முடிந்த எண்ணெய் தொட்டிக்கே திரும்பிவிடும்.

இவ்வளவு பலம் எப்படி வந்தது? அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். பிரான்ஸ் நாட்டு பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன விதி இது. 1 சதுர செ.மீ. பிஸ்டனை 10 கிலோ எடையால் அழுத்தினால், 50 சதுர செ.மீ. பிஸ்டன் 500 கிலோவைத் தூக்கும். ஆனால் சின்னது 50 செ.மீ. இறங்கினால்தான் பெரியது 1 செ.மீ. ஏறும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. பம்பு, வால்வு, சிலிண்டர், மோட்டார் எல்லாம் தனித்தனி உறுப்புகள்; அவற்றை இணைப்பவை ஹோஸ்கள். காட்டு வேலையின் நடுவே ஒரு ஹோஸ் வெடித்தால் அதை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்டினால் போதும். டிராக்டரில் ஹோஸைச் சொருகினால் டிப்பர் டிரெய்லர் மேலெழுவதும், கழற்றினால் டிராக்டர் வேறு வேலைக்குப் போவதும் இப்படித்தான்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். ஊசி இல்லாத புது சிரிஞ்சுகள் இரண்டு, ஒன்று சிறியது, ஒன்று பெரியது. தண்ணீர் நிரப்பி ஒரு சிறு டியூபால் இணையுங்கள். சிறியதை அழுத்தினால் பெரியது மெதுவாக நகரும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் அது சுருங்கி, நாம் தள்ளும் தூரத்தை வீணாக்கிவிடும்.

ஆனால் போர் வண்டியின் ஹோஸ் பக்கம் போகாதீர்கள். உங்கள் நகம் அளவு இடத்திலேயே 100 கிலோவுக்கும் மேல் அழுத்தம் இருக்கும். ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். தள்ளி நின்றே பாருங்கள்.