கூச்சக்காரியும் தைரியசாலியும்

பள்ளி விடுமுறை நாளில் மலாக்காவின் செலண்டாரில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு வெளியே ஓட வழியில்லை. அப்படி ஒரு பிற்பகல், என்னிடம் கணக்குப் படிக்க வரும் அண்ணனும் தம்பியும் சண்டையோடு வந்து நின்றார்கள். ஆளுக்கொரு பழைய கேம் பாய் அட்வான்ஸ் விளையாட்டுக் கருவி கையில். இருவரும் விளையாடுவது போக்கிமோன். இருவரும் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்தது ட்ரீக்கோ என்ற பச்சைப் பல்லி.

"சார், ரெண்டும் ஒரே ட்ரீக்கோ, ஒரே லெவல். இவனோடது மட்டும் எப்படி எப்பவும் முந்துது?" என்றான் அண்ணன். தம்பிக்கு வேறு வருத்தம். தன் பல்லியின் பக்கத்தைத் திறந்து, இயல்பு என்ற இடத்தில் 'டிமிட்' என்று இருந்ததைக் காட்டினான். கூச்சமும் பயமும் உள்ளதாம். அண்ணனுடையதில் 'பிரேவ்', அதாவது தைரியசாலி. "என்னோடது பயந்தாங்கொள்ளியா சார்?"

இந்த இரு கேள்விக்கும் பதில் ஒன்றே. அதைச் சொல்ல, இந்த விளையாட்டு தன் விலங்குகளுக்குக் குணம் வைக்கும் விதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

போக்கிமோனை உருவாக்கிய சத்தோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். 1996இல் ஜப்பானில் முதல் விளையாட்டு வந்தபோதே ஒரே இனமானாலும் இரண்டு விலங்குகள் அச்சுவார்த்தது போல் இருக்கவில்லை. தீப்பெட்டியில் சிலந்தி வளர்த்த பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே தெரியும். ஒரே புதரில் பிடித்த இரண்டில் ஒன்று பாயும், ஒன்று பதுங்கும்.

ஆனால் அன்றைய விளையாட்டு அட்டையில் சேமிப்பதற்கு இருந்த இடம் 32 கிலோபைட்தான். அதனால் ஒவ்வொரு விலங்குக்கும் நான்கு சிறு பிறவி மதிப்புகளை மட்டும் வைத்தார்கள்: தாக்கு, தற்காப்பு, வேகம், சிறப்புத் திறன். ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. உயிர்பலத்துக்குத் தனி எண் கிடையாது. மற்ற நான்கும் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து அதைக் கணக்கிட்டுக்கொண்டார்கள்.

1999இல் வந்த கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் ஆண், பெண் என்ற பிரிவு சேர்ந்தது. அதற்கும் தனி இடம் ஒதுக்கவில்லை. தாக்கு மதிப்பையே பார்த்துக்கொண்டார்கள். ஆணும் பெண்ணும் சரிபாதி உள்ள இனத்தில் தாக்கு 7 வரை இருந்தால் பெண், 8 முதல் ஆண். விளைவு என்ன? அந்த இனங்களில் எந்தப் பெண்ணும் எந்த ஆணையும்விடத் தாக்கில் குறைந்தவளாகவே பிறந்தாள். எட்டில் ஒன்று மட்டுமே பெண்ணாகும் இனங்களில் நிலைமை இன்னும் மோசம். அவளுக்கு 0 அல்லது 1தான். அபூர்வமாகக் கிடைக்கும் மின்னும் நிறத்துக்கும் தாக்கு மதிப்பு குறைந்தது 2 இருக்க வேண்டும் என்பதால், அந்த வாய்ப்பும் அவளுக்கு அடைபட்டுப் போனது. பெண் பலவீனமானவள் என்று யாரும் உட்கார்ந்து எழுதி வைத்ததாக நான் நினைக்கவில்லை. ஒரே எண்ணில் இரண்டு குணங்களைப் படித்தார்கள், அதனால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆனால் விளையாடிய பெண் பிள்ளைகளுக்குத் திரையில் தெரிந்தது விளைவு மட்டுமே. இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் இப்படி ஒரு அநியாயம் நுழைந்துவிட்டதே என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

2002இல் ரூபி, சஃபையர் வந்தபோது அடித்தளத்தையே மாற்றினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒவ்வொரு விலங்குக்கும் பிறக்கும்போதே ஒரு பெரிய எண். 0 முதல் 4,294,967,295 வரை எதுவாகவும் இருக்கலாம். அதைப் பிறவி எண் என்று வைத்துக்கொள்வோம். பலத்தைக் குறிக்கும் ஆறு மதிப்புகள், இப்போது 0 முதல் 31 வரை, இதில் சேராமல் தனியே குலுக்கப்படும். இயல்பு, பால், தனித்திறன் எல்லாம் பிறவி எண்ணிலிருந்து வரும். எப்படி? வகுத்து மீதி பார்த்து.

கோயில் கட்டும் ஸ்தபதிகளின் ஆயாதிக் கணக்கைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மனையின் ஓர் அளவை எட்டால் பெருக்கி 27ஆல் வகுத்தால் மிஞ்சுவது நட்சத்திரம். அதையே மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் மிஞ்சுவது யோனி. அளவு ஒன்றுதான், வகுக்கும் எண் மாறும்போது வேறு வேறு பலன் கிடைக்கிறது.

பலகையில் எடுத்துக்காட்டாக ஓர் எண் எழுதினேன்: 2,154,809,360. இயல்பு பார்க்க 25ஆல் வகுக்க வேண்டும். நூறு என்பது 25இன் மடங்கு என்பதால் கடைசி இரண்டு இலக்கம் போதும். 60இல் 25 இரண்டு முறை போக மீதி 10. அண்ணன் அதை விரல் விடாமலே சொல்லிவிட்டான்.

ஏன் 25? மாறக்கூடிய பலங்கள் ஐந்து: தாக்கு, தற்காப்பு, வேகம், சிறப்புத் தாக்கு, சிறப்புத் தற்காப்பு. அவற்றை இதே வரிசையில் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். ஒவ்வோர் இயல்பும் ஒரு பலத்தைப் பத்து விழுக்காடு கூட்டி, இன்னொன்றைப் பத்து விழுக்காடு குறைக்கும். ஐந்துக்கு ஐந்து, 25. கூடுவதும் குறைவதும் ஒரே பலமாக அமைந்துவிடும் ஐந்து இயல்புகளில் மாற்றமே இராது. நம் மீதி 10ஐ ஐந்தால் வகுத்தால் ஈவு 2, மீதி 0. ஈவு கூடுவதைச் சொல்லும்: வேகம். மீதி குறைவதைச் சொல்லும்: தாக்கு. இந்த இயல்பின் பெயர்தான் டிமிட்.

தம்பியின் முகம் மலர்ந்தது. பயப்படுகிறவன் அடிக்க மாட்டான், ஆனால் வேகமாக ஓடுவான். பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அண்ணனின் தைரியசாலிக்கு மீதி 2. தாக்கு கூடும், வேகம் குறையும். எதிரியை நேருக்கு நேர் பார்த்தபடி நிதானமாக வருகிறவன் அவன். ட்ரீக்கோ முழுதாக வளர்ந்து செப்டைலாகி நூறாம் லெவலை எட்டும்போது, தனிப் பயிற்சி எதுவும் இல்லாமலே, வேக மதிப்பு 31 உள்ள கூச்சக்காரனுக்கு வேகம் 303. வேக மதிப்பு 0 உள்ள தைரியசாலிக்கு 220.

பால் பார்க்க அதே எண்ணை 256ஆல் வகுக்க வேண்டும். மீதி 16. ட்ரீக்கோ இனத்தில் மீதி 31க்குக் கீழே இருந்தால் பெண். ஆக, நான் பலகையில் எழுதியது எட்டில் ஒன்றாகக் கிடைக்கும் பெண் பல்லி. தாக்கு மதிப்பு தனியே குலுக்கப்படுவதால் அவளுக்கு இனி 31உம் வரலாம். பழைய முடிச்சு இங்கே அவிழ்ந்தது. இரண்டு தனித்திறன் உள்ள இனமானால், எண் ஒற்றையா இரட்டையா என்பதே எது என்று சொல்லிவிடும்.

வர்ம்பிள் என்றொரு புழு உண்டு. அது அழகிய வண்ணத்துப்பூச்சியாகுமா, நஞ்சுத்தூள் உதிர்க்கும் அந்துப்பூச்சியாகுமா என்பது பிறவி எண்ணின் மேல்பாதியைப் பத்தால் வகுத்த மீதியில் இருக்கிறது. நான்கு வரை ஒரு வழி, அதற்கு மேல் மறு வழி. எப்படி ஊட்டி வளர்த்தாலும் மாறாது. தள்ளாடி நடக்கும் ஸ்பிண்டாவுக்கு முகத்தில் நான்கு புள்ளிகள். அவை எங்கே விழ வேண்டும் என்பதற்கு அந்த எண் முழுவதையுமே செலவிட்டிருக்கிறார்கள்.

புல்லுக்குள்ளிருந்து விலங்கு வரும்போது மட்டும் கணக்கு தலைகீழ். முதலில் 25இல் ஓர் இயல்பைக் குலுக்கி எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த மீதி தரும் பிறவி எண் அகப்படும் வரை எண்களை உருட்டிக்கொண்டே இருக்கும், சராசரியாக 25 தடவை. சாதகம் பொருந்தும் வரை வரன் பார்ப்பது போல. நமக்குத் தெரிவது திரை ஒரு கணம் மின்னுவது மட்டும்.

இந்த விளையாட்டில் முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கவும் முடியும். ஆறு மதிப்புகளில் மூன்று பெற்றோரிடமிருந்து வரும், மற்றவை புதிதாகக் குலுங்கும். இதைச் சொன்னதும் தம்பி, "அப்போ நல்லதையே திரும்பத் திரும்ப எடுக்க முடியாதா சார்?" என்றான். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்குத் தோன்ற வேண்டிய கேள்வி. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபோது, பிறகு நம் பக்கத்து புக்கிட் அசஹானில் நட்டபோது, எல்லாம் விதைக் கன்றுகள். ஒரே தாய்மரத்து விதையானாலும் ஒன்று வாளி வாளியாகப் பால் தரும், ஒன்று கோப்பையை நனைப்பதோடு சரி. மொட்டு ஒட்டும் முறை வந்த பிறகுதான் நல்ல மரத்தை அப்படியே பெருக்க முடிந்தது. நம் பாட்டிமார் சீவிய ஆர்ஆர்ஐஎம் 600, ட்ஜிர் 1, பிபி 86 என்ற இரண்டு மரங்களின் கலப்பில் பிறந்த ஒரே ஒரு கன்று. பிறகு வந்ததெல்லாம் அதன் ஒட்டு. விளையாட்டில் ஒட்டுக்கன்று கிடையாது, விதை மட்டும்தான். அதனால்தான் அதில் தேடலுக்கு முடிவில்லை.

மழை விட்டிருந்தது. கிளம்பும்போது அண்ணன் கேட்டான், இயல்பை மாற்றவே முடியாதா என்று. அவன் கையில் இருந்ததில் முடியாது. 2019இல் வந்த சுவோர்ட், ஷீல்ட் விளையாட்டுகளில் 'மிண்ட்' என்று ஒரு பொருள் உண்டு. அதைக் கொடுத்தால் தைரியசாலியும் கூச்சக்காரனின் வேகத்தில் ஓடும். ஆனால் அதன் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 'பிரேவ்' என்றே எழுதியிருக்கும்.