நின்ற லாரியிலும் ஆபத்து உண்டு

பேத்துப்பாறை மலைக்கிராமத்தின் பக்கம் விளையும் வாழையும் காப்பியும் வண்டியேறிக் கீழே போகின்றன. அரிசி, உரம், சிமென்ட் மேலே வருகின்றன. மலைச்சாலை வளைவுகளுக்குப் பயப்படும் நாம், சரக்கு இறக்க நிறுத்திய லாரியைக் கண்டு பயப்படுவதில்லை.

லாரித் தளம் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர். அங்கிருந்து தவறினால் அரை நொடியில், மணிக்கு 17 கி.மீ. வேகத்தில் தரையில் மோதுவோம். வெறுங்கையோடு விழுபவர் கையை ஊன்றுவார். மணிக்கட்டு போனாலும் தலை தப்பும். மூட்டையைப் பிடித்திருப்பவருக்கு அந்தக் கையும் இல்லை.

மூட்டை செய்யும் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. 60 கிலோ எடையுள்ளவரின் ஈர்ப்பு மையம் தொப்புளை ஒட்டி, ஏறக்குறைய 95 செ.மீ. உயரத்தில் இருக்கும். தோளில் 50 கிலோ சிமென்ட் ஏறியதும் அது நெஞ்சுப் பக்கம், 125 செ.மீ.க்குப் போய்விடும். சமதளத்தில் இதனால் பெரிய கேடில்லை. லாரி 6 டிகிரி சரிவில் நின்றால், தளத்துக்குச் செங்குத்தாக நிற்பவரின் எடைக்கோடு 13 செ.மீ. நகரும், பாதத்தின் பாதி நீளமே அவ்வளவுதான். உடம்பு தானாக எதிர்ப்பக்கம் சாய்ந்து சமாளிக்கிறது. கால் கொஞ்சம் வழுக்கினால் சமாளிக்க முடியாது.

வழுக்குவதற்கு மலையில் பஞ்சமா? மூடுபனியில் நனைந்த தார்ப்பாய், ஈரத் தகரம், வாழைத்தார் இறக்கிய தளத்தில் மிதிபட்ட சருகு. வாழைப்பழத் தோல் எவ்வளவு வழுக்கும் என்று அளந்த ஜப்பானியர் கியோஷி மபுச்சி குழுவுக்கு 2014-இல் வேடிக்கை ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. உராய்வுக் கெழு சுமார் 0.07! உலகம் சிரித்தது, லாரி மேல் நிற்பவருக்கு அது சிரிப்பு அல்ல. கீழே விழுந்து இறப்பவர்கள் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

'பார்த்து இறங்கு' என்று சொல்வது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, தளத்தைக் கூட்டித் துடைத்து, ஆட்டம் காணாத படி ஒன்றை வைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டியது சரக்குக்காரர் பொறுப்பு.

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் சுமை ஏற்றி இறக்குவோருக்கும் பொருந்தும். அதன்படி அமைந்த நலவாரியத்தில் இன்னும் பதியாதவர்கள் உடனே பதிந்துகொள்ளுங்கள். பதிந்தவர்கள் புதுப்பிக்க மறக்காதீர்கள்.