'இருக்கட்டும், எப்பவாவது தேவைப்படும்!' - வீட்டில் பொருட்கள் குவிவது ஏன்? குறைப்பது எப்படி?

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பரணில் இருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகிறது. மூடி தொலைந்த டிபன் பாக்ஸ், பிடி உடைந்த குக்கர், எந்த போனுக்கானது என்றே தெரியாத நாலு சார்ஜர், எப்போதோ வாங்கிய மிக்ஸியின் அட்டைப்பெட்டி, ஜவுளிக்கடை கட்டைப்பைகள். "ஏம்மா இதையெல்லாம் வச்சிருக்க?" என்கிறாள் மகள். "இருக்கட்டும்டி, எப்பவாவது தேவைப்படும்" என்கிறார் அம்மா. தூசி தட்டி முடித்ததும் முக்கால்வாசி பொருட்கள் மீண்டும் பரணுக்கே போகின்றன.

பெரும்பாலான வீடுகளில் ஆண்டுதோறும் நடப்பதுதான் இது. வீடு சிறியது, அலமாரி போதவில்லை என்று காரணம் சொல்வோம். ஆனால் குவிந்து கிடப்பவற்றில் பல, 'வைத்துக்கொள்வதா, கொடுப்பதா' என்று முடிவெடுக்காமல் தள்ளிப்போட்ட பொருட்கள். அதனால்தான் புது அலமாரி வாங்கினாலும் சில மாதங்களில் அதுவும் நிரம்பிவிடுகிறது.

தூக்கிப்போட மனசு வராதது ஏன்?

டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1990-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். மாணவர்களில் ஒரு பாதிப் பேருக்கு காபி கப் கொடுத்து, 'என்ன விலைக்கு விற்பீர்கள்?' என்று கேட்டார்கள். கப் கிடைக்காதவர்களிடம், 'என்ன விலைக்கு வாங்குவீர்கள்?' என்று கேட்டார்கள். கையில் கப் வைத்திருந்தவர்கள் சொன்ன விலை, மற்றவர்கள் சொன்னதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நம்முடையது என்று ஆனதுமே ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணுக்குக் கூடிவிடுகிறது.

இதோடு அனுபவமும் சேர்கிறது. தட்டுப்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு, காலி பாட்டிலைக் கழுவி எடுத்து வைப்பது சிக்கனம். அதைக் கேலி செய்தால் பொருள் வெளியே போகாது, சண்டைதான் வரும்.

யாருக்கு அதிக பாதிப்பு?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், இருவரும் வேலைக்குச் செல்லும் 30 தம்பதிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2010-ல் வெளியானது. வீட்டைச் சுற்றிக்காட்டி விவரிக்கச் சொன்னபோது, 'ஒரே குப்பை', 'இன்னும் முடியல' என்கிற ரீதியில் அதிகம் பேசிய மனைவியருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் ஹார்மோன் நாள் போகப்போக குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. கணவர்களிடம் இந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. குவியல்தான் இதற்குக் காரணம் என்று இந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், நாற்காலியில் மலைபோல் கிடக்கும் துணி ஒருவருக்கு வெறும் துணி, இன்னொருவருக்கு மிச்சமிருக்கும் வேலை. வீட்டை ஒழுங்குபடுத்துவதில் முதலில் பேச வேண்டியது இதைத்தான். எல்லோரும் சேர்த்ததை ஒருவரே எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் எந்த முறையும் நிலைக்காது.

எங்கிருந்து தொடங்குவது?

* பரணில் தொடங்க வேண்டாம். அங்கே நினைவுகள் அதிகம், முடிவெடுப்பது கஷ்டம். சமையலறையின் ஒரே ஒரு டிராயர், அரை மணி நேரம். முதல் நாளுக்கு அது போதும்.

* ஒரே வகைப் பொருட்களை ஒரே இடத்தில் கொட்டிப் பாருங்கள். வீட்டில் ஐந்து கத்திரிக்கோல் இருப்பது அப்போதுதான் தெரியும்.

* பயன்படுவது, கொடுப்பது, கழிப்பது என மூன்றாகப் பிரியுங்கள். முடிவெடுக்க முடியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டு, மேலே தேதியை எழுதுங்கள். ஆறு மாதம் பெட்டியைத் திறக்கவே இல்லை என்றால், பதில் கிடைத்துவிட்டது.

* பிளாஸ்டிக் டப்பா, கூடை வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே வாங்கினால் வேண்டாததும் அழகாக அடுக்கப்பட்டுவிடும்.

* அவரவர் பொருளுக்கு அவரவரே முடிவெடுக்கட்டும். அப்பா ஊருக்குப் போன நேரத்தில் அவருடைய பழைய டைரிகளை எடைக்குப் போட்டால், அடுத்த முறை ஒரு காகிதத்தைக்கூட அவர் கையிலிருந்து வாங்க முடியாது.

* புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். சேலைக்கும் சரி, செருப்புக்கும் சரி.

வெளியே எடுத்ததை என்ன செய்வது?

போகித் தீயில் போடுவது தீர்வல்ல. டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் நச்சுப்புகை வரும். 2018 போகியன்று புகையும் பனிமூட்டமும் சேர்ந்து சென்னையில் விமானச் சேவையே பாதிக்கப்பட்டது.

பேப்பர், இரும்பு, பாத்திரங்களைப் பழைய பேப்பர் கடையிலோ காயலான் கடையிலோ போடலாம். துணிகளில் துவைத்து உடனே உடுத்தக்கூடியதை மட்டும் பிறருக்குக் கொடுங்கள். கிழிந்தவை துடைப்பதற்கு ஆகும். பழைய போன், சார்ஜர், பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்காமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் தர வேண்டும். போனில் இருக்கும் தகவல்களை முதலில் அழித்துவிடுங்கள். ஆதார், வங்கி நகல்களைக் கிழித்த பிறகே எடைக்குப் போடுங்கள்.

மொட்டை மாடி, கொல்லைப்புறத்தை மறந்துவிட வேண்டாம். பழைய டயர், உடைந்த வாளி, தேங்காய் ஓடு ஆகியவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏழு முதல் பத்து நாட்களில் முட்டை கொசுவாகிவிடும் என்பதால், இந்த இடங்களை மட்டும் வாரம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

பொருட்கள் நிறைந்த வீடெல்லாம் நோயின் அறிகுறி அல்ல. ஆனால் கட்டிலில் படுக்கவோ, அடுப்படியில் சமைக்கவோ முடியாத அளவுக்குக் குவிந்தும், ஒரு பழைய கவரைத் தூக்கிப்போடச் சொன்னால்கூட ஒருவர் தவித்துப்போகிறார் என்றால் அது வேறு விஷயம். இதை 'பதுக்கல் கோளாறு' என்ற தனி மனநலப் பாதிப்பாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வகைப்படுத்தியது. அவருக்குத் தெரியாமல் மொத்தத்தையும் அள்ளிப் போடுவது பிரச்சினையை மோசமாக்கலாம். மனநல மருத்துவரை அணுகுவதே சரி. மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐயும் அழைக்கலாம்.

மற்ற வீடுகளுக்கு அடுத்த போகி வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு டிராயரைத் திறந்து, வீட்டில் உள்ள எல்லோரும் சுற்றி உட்காருங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, 'இது யாருடையது? கடைசியா எப்ப எடுத்தோம்?' என்று கேளுங்கள். அந்த மூடி தொலைந்த டிபன் பாக்ஸுக்கு அம்மாவே பதில் சொல்லிவிடுவார்.