வாடகை சர்வரில் தமிழ்

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன் பிறகு நம் குடும்பங்கள் பல ஊர்களுக்குச் சிதறிவிட்டன. விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் ராபர்ட்சன்பேட்டைக்குத் திரும்புகிறவர்கள் ஒரு சாரார். சென்னை, ஓசூர், வளைகுடா நாடுகள் என்று குடியேறிவிட்டவர்கள் இன்னொரு சாரார். யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொள்வதற்காகவே நம் சங்கத்தின் வலைத்தளத்தில் ஒரு குடும்பப் பதிவேடு வைத்திருக்கிறோம். குடும்பத் தலைவரின் பெயர், அவர் வேலை பார்த்த சுரங்கம், குடியிருந்த லைன், இன்று பிள்ளைகள் இருக்கும் ஊர். இருப்பது இந்த நான்கு விவரங்கள்தாம். அதைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு நாள் அந்தப் பதிவேட்டில் ஊர்ப் பெயர்கள் பாதியில் நின்றன. 'ராபர்ட்சன்பேட' என்று முடிந்து, பக்கத்தில் ஒரு கறுப்புச் சாய்சதுரமும் அதற்குள் ஒரு கேள்விக்குறியும் தெரிந்தன. அகரவரிசையும் குலைந்துவிட்டது. முருகேசனுக்குப் பின்னால் வரவேண்டிய முனிசாமி முன்னால் வந்து நின்றார். "என்னப்பா, எங்க அப்பா பேரைத் தேடினா வரவேண்டிய இடத்துல காணோமே!" என்று பெரியவர் ஒருவர் போனில் கேட்டார்.

தளத்தில் யாரும் கை வைக்கவில்லை. நாங்கள் இடம் வாடகைக்கு எடுத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம், தன் சர்வரில் இருந்த பி.எச்.பி. மொழியைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தது. பழைய பதிப்போடு இருந்த இரண்டு மாட்யூல்கள் புதிய பதிப்பில் சேர்க்கப்படவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வெளியூர்த் தமிழ்ச் சங்கங்கள் பலவும் இப்படி வாடகை இடத்தில்தான் தளம் நடத்துகின்றன. ஆகவே இதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

லைன் வீடும் பொதுக் குழாயும்

நம் ஊர்க்காரர்களுக்கு வாடகை ஹோஸ்டிங்கை விளக்குவது எளிது. ஒரே வரிசையில் பல வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய் என்று இருந்த லைன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். வாடகை குறைவு. ஆனால் குழாயை எங்கே வைப்பது, எப்போது திறப்பது என்பதெல்லாம் வீட்டுக்காரர் முடிவு. குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்கலாம். குழாய் போட முடியாது.

பதிவேடு போன்ற பக்கங்கள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டவை அல்ல. நீங்கள் கேட்கும்போது சர்வரிலேயே ஒரு நிரல் ஓடி, தகவல்களை எடுத்துக் கோத்து, பக்கமாக்கி அனுப்புகிறது. இதற்கு மிகப் பரவலாகப் பயன்படும் மொழி, ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் வெளியிட்ட பி.எச்.பி. அதற்கு வேண்டிய கூடுதல் திறன்கள் தனித்தனி மாட்யூல்களாக வருகின்றன. எந்த மாட்யூல் இருக்கும், எது இருக்காது என்பதை சர்வர் நிர்வாகிதான் தீர்மானிக்கிறார்.

ஒன்பது எழுத்து, நாற்பத்தெட்டு பைட்

ஆங்கிலத்தில் மட்டும் தளம் நடத்துகிறவர்களுக்கு இது பெரிய சங்கடம் இல்லை. நமக்கு மட்டும் ஏன்? நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம்.

'ராபர்ட்சன்பேட்டை' என்பதில் நாம் எண்ணுகிற எழுத்துகள் 9. யூனிகோடு முறையில் 'ரா' என்பது ர என்ற குறியும் கால் என்ற குறியுமாக இரண்டாகப் பதிவாகிறது. இப்படிக் கணக்கிட்டால் மொத்தம் 16 குறிகள். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் இடம் வேண்டும். ஆக 48 பைட். இதே பெயர் ஆங்கிலத்தில் 12 எழுத்து, 12 பைட்.

பி.எச்.பி.யின் சாதாரணக் கட்டளைகள் பைட்டைத்தான் எண்ணும். குறிகளாக எண்ணுவதற்கு எம்.பி.ஸ்ட்ரிங் என்ற மாட்யூல் வேண்டும். நாம் எண்ணுவது போலவே ஒன்பது என்று எண்ணுவதற்கு இன்ட்டில் என்ற மாட்யூல் வேண்டும். எங்கள் பதிவேட்டுப் பட்டியலில் ஊர்ப் பெயருக்கு 40 குறிகள் வரை இடம் உண்டு. எம்.பி.ஸ்ட்ரிங் போனதும் நிரல் 40 பைட்டில் வெட்டிவிட்டது. பதின்மூன்று குறிகளுக்கு 39 பைட். நாற்பதாவது பைட் பதினான்காவது குறியின் மூன்றில் ஒரு துண்டு. அந்தத் துண்டுதான் கறுப்புச் சாய்சதுரமாகத் தெரிந்தது.

அகரவரிசையும் அப்படியே. யூனிகோடு அட்டவணையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து இருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். இன்ட்டில் மாட்யூலில் தமிழ் வரிசை தெரிந்த பகுதி ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால், பி.எச்.பி. தன் எண் வரிசைப்படி முனிசாமியை முருகேசனுக்கும், கனகாவைக் கமலாவுக்கும் முன்னால் வைத்துவிடும்.

முன்பு ஏன் இந்தத் தொல்லை இல்லை?

1990-களில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவோடு இருந்தன. அதை இறக்கிக்கொள்ளாதவர்களுக்குத் தமிழ் வெறும் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. அக்காலத்துத் திஸ்கி, தாப் குறியீடுகளில் ஒரு குறிக்கு ஒரு பைட்தான். ஆகவே சர்வருக்குத் தமிழ் என்று தனியாக எதுவும் தெரிய வேண்டியதில்லை. யூனிகோடு வந்தபின் எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் தமிழ் படிக்க முடிகிறது. அந்த நன்மையோடு இந்தத் தேவையும் சேர்ந்து வந்தது.

எம்.பி.ஸ்ட்ரிங்கை உருவாக்கியவர்கள் ஜப்பானியர்கள். அவர்கள் மொழிக்கும் ஒரு பைட் போதாது என்பதால் தேவை அவர்களுக்கு முதலில் வந்தது. இன்ட்டில் மாட்யூல் 2009-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து பி.எச்.பி.யோடு சேர்ந்தே வருகிறது. இருந்தும் இரண்டும் தாமாக இயங்குபவை அல்ல. நிர்வாகி கேட்டுச் சேர்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

நாங்கள் புகார் சொன்னபோது, "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது சார்" என்றே முதலில் பதில் வந்தது. அவர்கள் ஆங்கிலப் பெயர் ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். தமிழ்ப் பெயரைப் போட்டுக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. இரண்டு மாட்யூல்களையும் சேர்த்ததும் பதிவேடு பழையபடி ஆயிற்று.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எம்.பி.ஸ்ட்ரிங், இன்ட்டில் இரண்டும் உண்டா? இல்லையென்றால் நாமே கட்டுப்பாட்டுப் பலகத்தில் டிக் செய்து சேர்த்துக்கொள்ள முடியுமா? பி.எச்.பி. பதிப்பை மாற்றும்போது முன்னறிவிப்பு வருமா? மூன்றாவது கேள்வி முக்கியமானது. பல இடங்களில் மாட்யூல் பட்டியல் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி. பழையதில் செய்த டிக் புதியதில் இருக்கும் என்று நம்பக் கூடாது.

எந்த மென்பொருளில் தளம் நடத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியின் இன்றைய பதிப்புகளுக்கு இவ்விரண்டும் கட்டாயம். வேர்ட்பிரஸ், எம்.பி.ஸ்ட்ரிங் இல்லாவிட்டாலும் தன்னிடமுள்ள மாற்று நிரலால் சமாளிக்கும். இப்படிப்பட்ட மாற்று நிரல்கள் தனியாகவும் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்தைச் சரியாக வெட்ட அவை உதவும். தமிழ் அகரவரிசைக்கு இன்ட்டில்தான் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பிள்ளைகளுக்குப் பரிசுச் சான்றிதழைத் தளத்திலேயே படமாக அச்சிடும் சங்கங்கள் உண்டு. அதற்கு வழக்கமாகப் பயன்படும் ஜி.டி. என்ற மாட்யூல் இருந்தாலும், பி.எச்.பி.யோடு வரும் ஜி.டி.க்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'தேவி' என்ற பெயரில் இரட்டைக் கொம்பு 'த'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். சான்றிதழைப் பக்கமாகவே காட்டி, வீட்டுக் கணினியில் அச்சிட்டுக்கொள்ளச் சொல்வது நல்லது. தமிழைக் கோக்கும் வேலையை உலாவி சரியாகச் செய்துவிடும்.

சாம்பியன் ரீஃபிலும் நந்திதுர்க்கிலும் பூமிக்கடியில் உழைத்தவர்களின் பெயர்கள் கம்பெனிக் காகிதங்களில் ஆங்கிலத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பெயர்களைச் சரியான தமிழில் பார்க்கும் இடம் இந்தப் பதிவேடுதான். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் பேசும்போது உங்கள் ஊர்ப் பெயரையோ, தாத்தா பெயரையோ தமிழில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது முழுதாக வந்தால் கையெழுத்துப் போடலாம்.